தம்பி மகன் கேட்ட கேள்விக்கு என் பதில்



கூக்காலில் நான்கு நாளாக விடாத மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. போனில் சார்ஜ் இருக்கும்போதே எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பதிவு கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். டீச்சர் என்றைக்குச் சுருக்கமாகப் பேசியிருக்கிறேன், சொல்லுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தம்பி மகன் ஒரு கேள்வி போட்டிருந்தான். அவன் பையன் வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பு சேர வேண்டும். "அத்தை, நம்ம ஊர்ப்பக்க ஸ்கூல்லயே சேக்கட்டுமா, இல்ல கீழ ஹாஸ்டல்ல விட்டு இங்கிலீஷ் மீடியத்துல படிக்க வைக்கட்டுமா?" கூடவே ஒரு வீடியோ. அதில் குட்டிப் பிள்ளைகள் ஆளுக்கொரு டேப்லெட்டை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். "ஒவ்வொரு பிள்ளைக்கும் அதோட வேகத்துக்குத் தகுந்த மாதிரி பாடத்தை அதுவே மாத்திக் குடுக்குமாம். கவர்மெண்ட் ஸ்கூல்ல இதெல்லாம் நடக்குமா அத்தை?"

அன்று இரவுக்குள் குழுவில் முப்பது பதில்கள். சித்தப்பா, மச்சான், திருப்பூர் அக்கா எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. 34 வருடம் மேல்மலையில் வாத்தியார் வேலை பார்த்தவள் ஏன் பேசவில்லை என்று அவன் தனியாக போன் போட்டுக் கேட்டான். அவனிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் மருமகனே. நீ அந்த வீடியோவில் பார்த்த சங்கதி நம் பக்கத்துக்கு 2007-லேயே வந்துவிட்டது. டேப்லெட்டில் வரவில்லை, அட்டையில் வந்தது. நீ அதற்குள் பெரிய கிளாஸ் போய்விட்டாய்.

நீ படித்த காலத்தை நினைத்துப் பார். நான் 1984-ல் வேலைக்குச் சேர்ந்தேன். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். எனக்கு ஒன்று, இரண்டு, மூன்று. ஒரே அறை. மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு போடும்போது ஒன்றாம் வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும். சும்மா இருந்தால் சத்தம் போடும். சத்தம் போடாமல் இருக்க ஒரு வழிதான் தெரியும். வாய்பாட்டைச் சேர்ந்து சொல்லச் சொல்வேன். நீ முன்னால் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துவாய். கடைசியில் ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் வாய் அசையும். ஒரு நாள் பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டேன். சத்தமே வரவில்லை. வெறும் வாயசைப்பு. ஒன்றரை வருடம் அப்படியே ஓட்டியிருக்கிறாள். எனக்குத் தெரியவே இல்லை.

பூண்டு பிடுங்கும் நாள்களில் இன்னும் மோசம். அறுவடைக்கு, கட்டுக் கட்டுவதற்கு, புகைமூட்டம் போடும் வீட்டில் தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்வதற்கு என்று பாதிப் பிள்ளைகள் வர மாட்டார்கள். மூன்று வாரம் கழித்து வந்தால் பாடம் எங்கேயோ போயிருக்கும். விட்டதை அவர்களுக்கு மட்டும் தனியாக நடத்த நேரம் ஏது? நம் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தீர்கள். எனக்கு அந்தப் பூண்டைப் பார்த்தால் காலியாகக் கிடக்கும் பாய்தான் முதலில் ஞாபகம் வரும்.

இந்த இடத்தில் ஒரு பழங்கதை. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒரே பாடத்தை ஒரே நாளில் படித்ததில்லை. ஒருவன் மணலில் 'அ' எழுதுவான், இன்னொருவன் ஓலையில் எண்சுவடி எழுதுவான். கற்றவன் கல்லாதவனுக்குச் சொல்லிக் கொடுப்பான், மேலே சட்டாம்பிள்ளை. எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இதைப் பார்த்துவிட்டுத் தன் விடுதியில் செய்து பார்த்தார். 1797-ல் லண்டனில் புத்தகமாகவும் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்று பெயர். நாம் அனுப்பிய சரக்கு அது. நமக்குத் திரும்பி வந்தது வகுப்பு வகுப்பாகப் பிரித்து, எல்லோருக்கும் ஒரே பக்கத்தைத் திறக்கச் சொல்லும் பள்ளிக்கூடம். (திண்ணைப் பள்ளியில் அடியும் உண்டு, எல்லோருக்கும் இடமும் கிடையாது. அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை.)

சரி, அட்டைக்கு வருகிறேன். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலி இருக்கிறது. அங்கே பத்மநாப ராவ், ரமா என்ற கணவன் மனைவி இருவரும் சுற்றுவட்டாரக் கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளுக்காக ஒரு முறையை உண்டாக்கினார்கள். பாடப்புத்தகத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்துவிட்டார்கள். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அந்த முறையைப் பார்த்து, 2003-ல் மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கினார். பிறகு மாநகராட்சிப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும், 2007-08-ல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. செயல்வழிக் கற்றல் என்று பெயர். ஏபிஎல் என்று நாங்கள் சொல்வோம்.

குறிஞ்சி பூத்த வருடம் 2006. அதற்கு அடுத்த வருடம் எங்கள் பள்ளிக்கு அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கின. பள்ளியின் பெயரை நான் எழுதவில்லை, படித்தவர்களுக்குத் தெரியும். வத்தலக்குண்டிலிருந்து லாரி, கொடைக்கானலிலிருந்து ஜீப், கடைசி ஏற்றத்துக்குக் குதிரை. பூண்டு மூட்டை சுமக்கிற குதிரை அன்றைக்குத் தமிழும் கணக்கும் சுமந்தது.

புதிதாக என்ன வந்தது என்று 2007-க்குப் பிறகு படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுவரில் ஒரு ஏணிப்படி. ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னம், ஒரு எண். பிள்ளை தன் படியைப் பார்த்து, அதே சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுக்கும். எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்று அட்டையே சொல்லிவிடும். புதியதாக இருந்தால் டீச்சர் பக்கத்தில். பழகுவதற்கு என்றால் கூட்டாளியோடு. பிறகு தனியாக. கடைசியில் மதிப்பீட்டு அட்டை. அதை முடித்தால் அடுத்த படி, முடியாவிட்டால் அதற்கென்று இருக்கும் வலுவூட்டல் அட்டை. ஒன்று முதல் நான்கு வரை கலந்து தரையில் பாய். சுவரின் அடியில் உட்கார்ந்த மட்டத்துக்குக் கரும்பலகை, ஆளுக்கொரு கட்டம். தலைக்கு மேல் கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்தது தொங்கும். வருகைப் பதிவைக்கூட அவர்களே போட்டுக்கொள்வார்கள்.

முதல் மாதம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து பழகிய முழங்கால், பாயில் மடங்க மறுத்தது. பெற்றோர் வந்து வாசலில் நின்று பார்ப்பார்கள். "டீச்சர் பாடமே நடத்துறதில்ல, பிள்ளைக சீட்டு வெளையாடுதுக" என்று பேச்சு. மழைக்காலத்தில் அட்டை ஊறிப்போகும். ஒரு அட்டை தொலைந்தால் அந்தப் படியில் நான்கு பேர் காத்துக் கிடப்பார்கள்.

ஆனால் பூண்டு அறுவடை முடிந்து பிள்ளைகள் திரும்பிய அந்தத் திங்கட்கிழமையை நான் மறக்க மாட்டேன். வழக்கமாக அன்றைக்கு அவர்கள் முகம் செத்துக் கிடக்கும். அன்று பையைப் போட்டார்கள், ஏணியைப் பார்த்தார்கள், மூன்று வாரத்துக்கு முன் எந்த அட்டையில் விட்டார்களோ அதையே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். யாரும் யாருக்கும் பின்தங்கவில்லை. என்னிடம் யாரும் சாக்குச் சொல்லவில்லை. நானும் யாரையும் திட்டவில்லை. மேல்மலைக்கென்றே செய்த முறை மாதிரி இருந்தது.

கொலம்பியா நாட்டிலும் இப்படித்தான். அங்கே காப்பி விளைகிற மலைக் கிராமங்கள், இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்புப் பள்ளிகள். 1970-களில் விக்கி கோல்பெர்ட் என்ற அம்மாவும் சில ஆசிரியர்களும் சேர்ந்து, பிள்ளைகள் தாங்களே படித்துக்கொள்ளும் வழிகாட்டிப் புத்தகங்கள் செய்தார்கள். அறுவடைக்குப் போன பிள்ளை திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எஸ்குவேலா நுவேவா என்று பெயர், 'புதிய பள்ளி' என்று அர்த்தமாம். அங்கே காப்பி, இங்கே பூண்டு.

இவ்வளவும் நல்ல கதை. இனிமேல் சொல்லப்போவது என் தப்பு. இதற்காகத்தான் குழுவில் பேசாமல் இருந்தேன்.

ஒரு பையன். பெயர் வேண்டாம். யார் என்று யூகித்துக் கீழே எழுதாதீர்கள், தயவுசெய்து. அவன் அப்பாவுக்குக் குதிரை இருந்தது. பையன் ஏழு வயதிலேயே குதிரையைப் பிடித்துக்கொண்டு வருவான். எத்தனை மூட்டை, மூட்டைக்கு என்ன கூலி, வடுகபட்டிச் சந்தையில் இன்றைக்கு என்ன விலை, எல்லாம் வாயிலேயே சொல்வான். கணக்கு அட்டையில் பறப்பான். தமிழில் மட்டும் ஒரு படியில் நின்றுவிட்டான். கொம்பு, கால், சுழி சேர்ந்த எழுத்துகள் வருகிற இடம். 'கொ' என்று காட்டினால் 'கெ' என்பான், 'கா' என்பான், பிறகு என் முகத்தைப் பார்ப்பான். வலுவூட்டல் அட்டையைக் கொடுத்தேன். கூட்டாளியோடு உட்கார வைத்தேன். கூட்டாளி சொல்வதைக் கேட்டு அப்படியே சொல்லிவிடுவான், அட்டையைப் பார்க்கவே மாட்டான். காது அவ்வளவு கூர்மை.

இரண்டாம் வருடம் பார்வைக்கு ஆள் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. அடைவு அட்டவணையில் ஒவ்வொரு பிள்ளையின் கட்டமும் எவ்வளவு தூரம் நிரம்பியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். மற்ற பிள்ளைகளின் கட்டங்கள் மேலே போய்க்கொண்டிருக்க, இவனுடையது மட்டும் பல்லு விழுந்த மாதிரி கீழே நின்றது. "ஏன் இந்தக் குழந்தை இங்கேயே நிக்குது?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. முந்தின நாள் சாயங்காலம், பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, பென்சிலை எடுத்து அவன் கட்டங்களை நானே நிரப்பினேன். ஆறு படி.

வந்தவர்கள் பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள். யாரும் என்னை நிரப்பச் சொல்லவில்லை. அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். மறுநாள் அவன் வந்து ஏணியைப் பார்த்தான், அட்டவணையைப் பார்த்தான், ஆறு படி தள்ளியிருக்கும் அட்டையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். எதுவும் கேட்கவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தான். அழித்துவிட்டுப் பழைய படிக்கே அவனைக் கொண்டுவந்திருக்கலாம். நாளைக்குச் செய்யலாம் என்று இருந்தேன். அப்படியே வருடம் போனது. ஐந்து முடித்தான், வேறு ஊரில் ஆறு சேர்ந்தான், எட்டில் நின்றுவிட்டான்.

இப்போது பிக்கப் ஓட்டுகிறான். கேரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு இறங்குவான். நல்ல பிள்ளை. நான் ஊரில் இல்லாவிட்டால் என் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொள்வான். வாட்ஸ்அப்பில் எனக்கு எப்போதும் குரல் பதிவுதான் அனுப்புவான். "டீச்சர், நல்லாருக்கீங்களா, கீழ போறேன், எதுனா வாங்கணுமா." பாசத்தில் பேசுகிறான், எழுதுவதற்குச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் வண்டிக் கடன் சம்பந்தமாக ஒரு தாளைக் கொண்டுவந்தான். "டீச்சர், கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன், கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றான். இருபத்தைந்து வயதுப் பையன், கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை. தாளைத் தலைகீழாக நீட்டினான்.

நான் படித்துச் சொன்னேன். அவன் காபி குடித்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மருமகனே, உன் டேப்லெட் கேள்விக்கு இப்போது நேர்மையாகப் பதில் சொல்கிறேன். அந்த டேப்லெட் நான் செய்த தப்பைச் செய்திருக்காது. அதற்கு அதிகாரிகளைப் பார்த்துப் பயம் கிடையாது, வெட்கம் கிடையாது. பத்துத் தடவை 'கொ' தப்பாகச் சொன்னாலும் பதினொன்றாவது தடவையும் அதே கேள்வியைக் கேட்டிருக்கும். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் அட்டையைப் பார்க்காமல் பக்கத்துப் பையனின் வாயைப் பார்த்துச் சொல்கிறான் என்பதை நான்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த பிறகு அதற்கு ஒன்றும் செய்யாமல் விட்டதும் நான்தான்.

நான் ஓய்வு பெற்றது 2018, மறுபடி குறிஞ்சி பூத்த வருடம். அதற்குப் பிறகு நடந்ததை வெளியில் இருந்துதான் பார்த்தேன். கொரோனாவில் பள்ளி மூடி, 2021 நவம்பரில்தான் சின்னப் பிள்ளைகளுக்குத் திறந்தார்கள். கல்வித் தொலைக்காட்சி வந்தது, போனில் பாடம் வந்தது. மேல்மலையில் சிக்னலுக்கு மேடேறிப் பாறைமேல் நிற்க வேண்டும். மூன்றாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பு எழுத்து மறந்துபோயிருந்தது. இல்லம் தேடிக் கல்வி வந்தபோது பக்கத்து வீட்டு மருமகள் தன்னார்வலராகச் சேர்ந்தாள். மாதம் 1,000 ரூபாய்க்கு, சாயங்காலம் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு அந்தப் பெண் பட்ட பாட்டை நான் பார்த்தேன். பல நாள் நானும் போய் உட்கார்ந்தேன். முழங்கால் வலியோடுதான்.

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தது. அங்கே வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி பயிற்சி நூலைக் கொண்டுவந்து காட்டினாள். வகுப்பு எதுவாக இருந்தாலும், பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கேற்ற பக்கம். அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர். எனக்கு அந்தப் பெயர்கள் பிடித்துப்போயின. மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டே ஒரு பிள்ளை அரும்பாக இருக்கலாம், அதில் தப்பு ஒன்றும் இல்லை என்று புத்தகமே சொல்கிறது. இப்போது மதிப்பீட்டையெல்லாம் கருவியில் ஏற்றுகிறார்கள். 2024-ல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினியும் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணிடம் நான் கேட்டது ஒன்றுதான். "ஒரு பிள்ளை அரும்பிலேயே நின்னா, அப்படியே போட முடியுதா உன்னால?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "போடுறேன் டீச்சர்" என்றாள். "ஏன் நிக்குதுன்னு கேக்குறாங்க. கேக்கட்டும்னு போடுறேன்."

அதனால் நீ எந்தப் பள்ளிக்கூடம் என்று முடிவு செய்யும் முன் ஒரு வேலை செய். இரண்டு இடத்துக்கும் போ. கட்டடத்தைப் பார்க்காதே, டேப்லெட்டை எண்ணாதே. "இந்த வகுப்புல பின்தங்கியிருக்கிற பிள்ளை யாரு, அதுக்கு என்ன செய்யறீங்க" என்று கேள். "எங்ககிட்ட அப்படி யாருமே இல்ல" என்று பதில் வந்தால் எனக்கு போன் செய், என் அட்டவணைக் கதையை அவர்களுக்கும் சொல்கிறேன். நம் பக்கத்துப் பள்ளியில் இன்று ஒரு ஆசிரியர் மடியில் விழுவது பன்னிரண்டு பதினைந்து பிள்ளைகள்தான். சட்டம் 30 பேருக்கு ஒருவர் என்கிறது. இவ்வளவு குறைவான பிள்ளைகளோடு உட்காரும் வசதி பணம் கட்டினாலும் கீழே கிடைக்காது. காலையில் பிள்ளைக்கு அங்கே சூடாகச் சாப்பாடும் உண்டு. இன்னொரு பக்கம், டீச்சருக்கு லீவு என்றால் அன்றைக்குப் பாதி வகுப்பு இல்லை, பஸ் வராத நாளும் உண்டு. மறைக்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளையை ஹாஸ்டலில் விடுவது பற்றி மட்டும் அத்தையாகச் சொல்கிறேன், ராத்திரி காய்ச்சல் வந்தால் அவன் யாரைக் கூப்பிடுவான் என்று யோசித்துக்கொள். மற்றபடி உன் பிள்ளை, உன் முடிவு.

அந்தப் பையன் விஷயத்தை முடித்துவிடுகிறேன். பத்து நாளுக்கு முன் அவனை வீட்டுக்கு வரச் சொன்னேன். உட்கார வைத்து, பென்சில் கதையை அவனிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான். "எனக்கு அன்னைக்கே தெரியும் டீச்சர். நீங்க சந்தோஷப்படுறீங்கன்னு நெனச்சேன்" என்றான்.

கற்றுக்கொள்கிறாயா என்று கேட்டேன். "இப்பல்லாம் போன்ல பேசுனா அதுவே எழுதிருது டீச்சர், அதுவே படிச்சும் காட்டிருது, எதுக்கு?" என்றான். அவன் சொன்னது சரிதான், எனக்குப் பதில் வரவில்லை. எழுந்து போய்விட்டான்.

இந்தப் பதிவை அவன் படிக்க மாட்டான் என்பதால், எழுதியதையெல்லாம் குரல் பதிவாக்கி நேற்று அவனுக்கு அனுப்பினேன். போடலாமா என்று கேட்டேன். ராத்திரி பதினொரு மணிக்குப் பதில் வந்தது. "போடுங்க டீச்சர், பேரு மட்டும் வேணாம்." கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. "செவ்வாக்கிழமை வண்டி ஓட்டம் இல்ல. வரட்டுமா? கடன் தாளு மட்டும் நானே படிக்கிற அளவுக்குப் போதும்."

இன்று காலை பரணில் ஏறிப் பழைய அட்டைப் பெட்டியை இறக்கினேன். பள்ளியில் கழித்துக் கட்டியபோது நான் எடுத்து வைத்தது. பாதியைக் கரையான் தின்றிருந்தது. அவன் நின்ற அந்தப் படியின் அட்டை அதில் இல்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் நானே எழுதி வைத்திருக்கிறேன். கொ, கோ, கௌ. குதிரை என்று எழுதி, பக்கத்தில் ஒரு குதிரையும் வரைந்தேன். கழுதை மாதிரி வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை கேலி செய்வான்.